அச்சும் மூடியும்

சோழ நாட்டின் கடல்வாயில்களுள் நாகப்பட்டினம் நெடும்புகழ் வாய்ந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னர் இவ்வூரில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுப்பித்தனர். 1856-ஆம் ஆண்டு தொடங்கி இவ்வூர் மண்ணிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்திருமேனிகளைக் கண்டு வியப்போர் பலர். அவற்றை வார்த்த அச்சு எங்கே என்று வினவுவோர் சிலரே.

அவ்வச்சு இன்று இல்லை; இருத்தலும் இயலாது. மெழுகால் உருவைச் செய்து, அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, தீயிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது பண்டைய முறை. உலோகம் ஆறிய பின் மண்ணை உடைத்தாலன்றி உருவம் வெளிப்படாது. சுவாமிமலையில் வாழும் சிற்பியர் இன்றும் காவிரி வண்டலைக் கொண்டு இம்முறையிலேயே வார்க்கின்றனர். வார்ப்பு அச்சிற்குத் தமிழில் கரு என்றும் பெயர் உண்டு. உள்ளே உருவம் வளர்தலின் அப்பெயர் மிகப் பொருத்தமானதே. ஒரு கருவிற்கு ஓர் உரு. உரு பிறந்தவுடன் கரு அழிகிறது.

அதே நாகையின் கடற்கரையில் இன்று வேறு வகை அச்சு ஒன்று வழங்குகின்றது. அஃது உருவை ஈன்ற பின்னும் அழிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வடிவப் பொருள்களை ஈன்றுகொண்டே இருக்கும். கண்ணாடி இழைப் படகுகளையும் அவற்றின் உறுப்புகளையும் செய்வதற்கு உதவும் அச்சே அது. தொழிலாளர் அதனை ‘மோல்டு’ என்பர். படகைச் சுருக்கமாகப் ‘பைபர்’ என்பர். மொழிவல்லார் சிலர் இச்சொற்களைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆயினும் அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ சென்று கேட்பார்க்கு இச்சொற்களே பயன்படும்.

படகின் உறுப்புகளுள் சிறியது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அச்சு அமையும் முறையை ஈண்டுக் காண்போம். அவ்வுறுப்பு, தளத்திலுள்ள அறையின் வாயை மூடும் மூடி.

முன்னாளில் பரதவர்க்கு இம்மூடியின் தேவையே இருந்ததில்லை. கட்டுமரத்திற்கு உள்ளிடம் என்பது இல்லை. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தின்மேல் அலை ஏறினால், ஏறிய நீர் மர இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். உள்ளே புகுந்து தங்க இடமின்மையால் நீரைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர்ப் பொறி பூட்டிய கலங்கள் வந்தன. 1979-ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் மணற்கரையில் இறங்கவும் ஏறவும் தக்க படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. கண்ணாடி இழைப் படகுகள் சிறிது சிறிதாகக் கட்டுமரத்தின் இடத்தைப் பற்றின. தளம் அமைந்த கலங்களில் மீனும் பனிக்கட்டியும் வைக்க ஓர் அறை, வலை வைக்க ஓர் அறை, கலத்தை மிதக்கச் செய்யும் காற்றறை எனப் பல உள்ளிடங்கள் தோன்றின. உள்ளிடம் தோன்றியபோதே அதன் வாயும், வாய்க்கு ஒரு மூடியும் வேண்டியவாயின.

இம்மூடியை அற்பம் என்று எண்ணலாகாது. 60 செ.மீ. சதுரமான ஒரு மூடியின்மேல் அலை ஒன்று ஏறி 30 செ.மீ. உயரம் நீர் நின்றதாகக் கொள்வோம். அந்நீரின் அளவு 108 லிட்டர். நன்னீராயின் எடை 108 கிலோ, கடல்நீராயின் இன்னும் சற்று மிகுதி. இரண்டு ஆள் மூடிமேல் ஏறி நின்றாற் போன்ற சுமை இது. மூடி வளைந்தோ, சரியாகப் பொருந்தாமலோ சுற்றிலும் 3 மி.மீ. இடுக்கு விடுமாயின், அவ்விடுக்கின் மொத்தப் பரப்பு 72 சதுர செ.மீ. ஆகும். படகின் தளத்தில் எட்டரை செ.மீ. சதுரத் துளை ஒன்றை இட்டுக் கடலுக்குச் செல்வதும் அத்தகைய மூடியோடு செல்வதும் ஒன்றே. துளையைக் கண்டவன் அஞ்சுவான். இடுக்கைக் கண்டவன் அஞ்சுவதில்லை. இதுவே இடர்.

அவசரம் இத்தொழிலுக்கு ஆகாது என்பதை நாகை மக்கள் துயரத்தின் இடையே உணர்ந்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. எஞ்சியோர் படகிழந்து நின்றனர். பல திசைகளிலிருந்தும் உதவி வந்தது. படகு வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்ற நிலையில் கடற்கரை நெடுகப் புதிய படகுக் கொட்டகைகள் தோன்றின. விரைந்து செய்த படகுகளுட் சில, தரத்திற் குறைந்திருந்தமையைப் பின்னர் ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர். ஈந்தவர் நெஞ்சிலே குறையில்லை; ஏற்றவர் மீதும் குற்றமில்லை. ஆயினும் பூச்சு இறுக இவ்வளவு பொழுது, அடுக்கு உலர இவ்வளவு நாள் என்னும் கணக்கு, மாந்தரின் துன்பத்தைக் கண்டு தன்னைக் குறைத்துக்கொள்வதில்லை.

இனி, அச்சு என்பது யாது? கொழுக்கட்டை அச்சை அறியாத மாணவர் இரார். அச்சின் உட்புறத்தில் அன்னையார் நல்லெண்ணெயைத் தடவிய பின்னரே மாவை அழுத்துவார். எண்ணெய் தடவாவிடின் மாவு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். செங்கல் அறுப்போர் மரச்சட்டத்தில் மணலைத் தூவிக்கொண்டு களிமண்ணை இடுவதும் இதன் பொருட்டே. அச்சில் எந்த முகம் படிகின்றதோ அந்த முகமே அழகாகவும் வழவழப்பாகவும் அமையும். கையால் அழுத்திய மறுமுகம் கரடுமுரடாக இருக்கும். படகு மூடிக்கு வெளிமுகம் வழவழப்பாக இருத்தல் வேண்டும். ஆகவே அதன் அச்சு, கொழுக்கட்டை அச்சைப் போன்று குழிந்ததாக இருத்தல் வேண்டும்.

குழிந்த அச்சை நேரே குடைந்து செய்வது அரிது. எனவே, முதலில் மூடியின் வடிவத்தையே மரத்தாற் செய்வர். அதனை மூலவுரு எனலாம். மூலவுருவின்மேல் கண்ணாடி இழையைப் படிய வைத்து எடுத்தால் குழிந்த அச்சு கிடைக்கும். அவ்வச்சினுள் மீண்டும் கண்ணாடி இழையைப் படிய வைத்து எடுத்தால் மூடி கிடைக்கும். மூலவுருவில் உள்ள ஒவ்வொரு கீறலும் அச்சிலே பதியும். அச்சிலிருந்து ஒவ்வொரு மூடியிலும் பதியும். சுவாமிமலைச் சிற்பி, வார்ப்பிலுள்ள குறையை உளியால் திருத்திக்கொள்வார். இங்கோ, மூலவுருவில் ஒருமுறை திருத்தாத குறையை மூடிதோறும் திருத்திக்கொண்டே இருக்க நேரும்.

தன் படகிற்குத் தானே மூடி செய்துகொள்ள முற்படும் மீனவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் முதலிற் செய்ய வேண்டுவது, அறை வாயைச் சுற்றி எழுந்து நிற்கும் விளிம்பை அளத்தல். விளிம்பின் வெளியளவு 60 செ.மீ. எனின், மூடியின் சுவர்க்கனம் 5 மி.மீ., விளிம்பிற்கும் சுவருக்கும் இடைவெளி 5 மி.மீ., ஆக ஒரு பக்கத்திற்கு 1 செ.மீ. கூட்டுதல் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து மூலவுருவின் அளவு 62 செ.மீ. ஆகும். கணக்கு இவ்வளவில் முடிந்ததாகத் தோன்றும், ஆனால், முடியவில்லை.

மூடியின் பக்கச் சுவர் செங்குத்தாக இருந்தால் அஃது அச்சை விட்டு வெளியே வாராது. உருவத்தைக் கழற்றும் பொருட்டுச் சுவர் சிறிதே சரிந்திருத்தல் வேண்டும். 6 செ.மீ. உயரமான சுவருக்கு 3 மி.மீ. சரிவு போதும். அச்சின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். மூடியை நிமிர்த்தி வைத்தால் மேற்பகுதி குறுகியும் கீழ் விளிம்பு அகன்றும் இருக்கும். புதிதாய்த் தொழில் பயில்வோர் தவறுவது இவ்விடத்தில்தான். கீழ் விளிம்பை 62 செ.மீ. என வைத்துக்கொண்டு, உள்நோக்கிச் சரிவு கொடுத்துவிடுவர். மேற்பகுதி 61.4 செ.மீ. ஆகிவிடும், 5 மி.மீ. இடைவெளி 2 மி.மீ. ஆகச் சுருங்கும். உட்புறமோ கரடுமுரடானது. மூடி பாதி வழியில் இறுகி நின்றுவிடும். ஆதலின், மேற்பகுதியை 62 செ.மீ. ஆகவும் கீழ் விளிம்பை 62.6 செ.மீ. ஆகவும் கொள்ளுதல் வேண்டும். சரிவை மாற்றிக் கொடுத்து, வாய் குறுகி அடி அகன்ற அச்சைச் செய்தவர் கதையோ இரங்கத்தக்கது. அவர் தம் முதல் மூடியை எடுப்பதற்கு அச்சையே அறுத்தாக வேண்டும்.

மூலவுருவை ஒட்டுப்பலகையால் அமைப்பர். அதன் மேற்பரப்பை ஆமை முதுகுபோல் நடுவே சற்று உயர்த்துவர். அப்போதுதான் மூடிமேல் விழும் நீர் தங்காது வழியும். முனைகளையும் மூலைகளையும் உருண்டையாக்குவர். இழை கூரிய மூலையில் மடிந்து படியாது. விறைத்து எழுந்து நிற்கும். எழுந்த இடத்தில் காற்று தங்கும். காற்று தங்கிய மூலை வெளியே வழவழப்பாகத் தோன்றினும் உள்ளே முட்டை ஓடு போன்றது. மீன் கூடை ஒன்று இடித்தாற் போதும், உடைந்துவிடும். மூலவுருவை அதனினும் அகன்ற தட்டைப் பலகைமேல் பொருத்துவர். அப்பலகையின்மேல் படியும் இழை, அச்சிற்குச் சுற்றிலும் ஒரு தட்டை விளிம்பாக அமைந்து அதனை வளையாமற் காக்கும்.

பின்னர்ப் பட்டி இட்டு, உப்புத்தாளால் தேய்த்தல். முதலில் கரடான தாள், அடுத்து நடுத்தரத் தாள், இறுதியில் நீர் தொட்டுத் தேய்க்கும் மிக நுண்ணிய தாள். தேய்த்தல் ஓரிரு நாள் வேலையன்று. பலகையின் மர வரி கண்ணுக்கு மறைந்தாலும் விரலுக்கு மறையாது. ஆகவே தொழில் அறிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பர். தேய்த்தபின் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னாபா மெழுகு இதற்கு ஏற்றது. அதனைப் பூசி, உலரவிட்டு, துணியால் துடைத்து, மீண்டும் பூச வேண்டும். புதிய மூலவுருவிற்கு நான்கைந்து முறை பூசுதல் நன்று. அதன்மேல், நீரிற் கரையும் மெல்லிய படலம் ஒன்றைத் தெளிப்பதும் உண்டு. இவையெல்லாம் அன்னையார் தடவும் நல்லெண்ணெயின் இடத்தில் நிற்பவை.

இனி, பொருளைப் பற்றிச் சிறிது. கண்ணாடியை உருக்கி மயிரிழையினும் மெல்லியதாக இழுத்து, அவ்விழைகளைத் துண்டாக்கிப் பாய்போலப் பரப்பி விற்கின்றனர். அதன்மேல் பாலியெஸ்டர் பிசினை ஊற்றி ஊறவைத்தால் இரண்டும் ஒன்றாய் இறுகும். பிசின் தனித்து நின்றால் நொறுங்கும். இழை தனித்து நின்றால் துணிபோல் துவளும். வைக்கோல் கலந்த மண்சுவரின் உறுதியை அறிந்த சிற்றூர் மாணவர்க்கு இது வியப்பாகாது. ஒருமுறை இறுகிய பிசின், மெழுகைப் போல மீண்டும் உருகுவதில்லை. ஆகவே பிழை நேர்ந்தால் உருக்கி வார்த்துக்கொள்ளும் வழி இங்கே இல்லை.

பிசின் தானாக விரைவில் இறுகாது. கோபால்ட் சேர்ந்த முடுக்கியும், மெக்கு பெராக்சைடு என்னும் வினையூக்கியும் அதனோடு கலத்தல் வேண்டும். இவ்விரண்டையும் நேருக்கு நேர் கலத்தலாகாது. கலந்தால் தீப்பற்றும், வெடித்தலும் கூடும். ஒன்றைப் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதை ஊற்ற வேண்டும். வினையூக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். தெறித்தவுடன் நீரால் நெடும்பொழுது கழுவி, மருத்துவரிடம் விரைதல் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதே அறிவுடைமை.

வினையூக்கியின் அளவு, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு. நாகையில் இவ்வளவை வெயில்தான் முடிவு செய்கின்றது. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். படகைச் செப்பனிட ஓய்வு கிடைப்பது அப்போதே. கத்திரி வெயில் காய்வதும் அப்போதே. நண்பகலில் பிசினைக் கலந்தவர், அதைப் பரப்பி முடிக்குமுன் கலயத்திலேயே அது கட்டிப்பட்டுப் புகைவதைக் காண்பார். ஆதலின் விடியற்காலையில், நிழலில், குறைந்த வினையூக்கியோடு, சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்வர். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்திற்கு ஒத்திவைக்கலாம் எனின், அப்போது ஈரக்காற்று பிசினைக் கெடுக்கும்.

மெழுகிட்ட மூலவுருவின்மேல் முதலில் ஜெல் பூச்சு எனப்படும் தடித்த பிசினை அரை மி.மீ. கனத்திற்குப் பூசுவர். அது விரலில் பிசுபிசுத்தும் ஒட்டாமல் நிற்கும் பதத்தில், மெல்லிய இழைப்பாயை இட்டுப் பிசினால் நனைப்பர். பதம் தவறி முன்னரே இட்டால் பூச்சு சுருங்கிச் சுருக்கம் விழும். இழையின் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பிசின் போதும். மிகுதியாக ஊற்றுவது வலிமை தரும் என்று எண்ணுவது பிழை. பின், வரி வெட்டிய உருளையால் உருட்டி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவர். முதல் அடுக்கில் காற்று தங்கிற்றா என்று பார்க்கச் செலவிடும் பொழுதே இத்தொழிலில் மிகுந்த பயன் தரும் பொழுது.

அச்சு, மூடியைப் போல் இருமடங்கு கனமாக இருத்தல் வேண்டும். ஆயினும், எல்லா அடுக்கையும் ஒரே நாளில் ஏற்றலாகாது. பிசின் இறுகும்போது சூடு பிறக்கும். அடுக்குகள் பலவாயின் சூடு உள்ளே சிறைப்பட்டு அச்சை முறுக்கிவிடும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று அடுக்கே இட்டு, மறுநாள் தொடர்வர். கனம் நிரம்பியபின், மரச்சட்டங்களை முதுகிற் பொருத்தி அவற்றையும் இழையால் போர்த்துவர். இவ்வளவும் மூலவுருவை விட்டுக் கழற்றுமுன் செய்யத்தக்கவை. கழற்றிய அச்சிற்குச் சட்டம் கட்டுவோர், வளைந்ததற்கே சட்டம் கட்டுவோர் ஆவர்.

சில நாட்கள் கழித்து அச்சைப் பிரிப்பர். இறுகும் பிசின் சிறிதே சுருங்குதலின், அச்சு மூலவுருவை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். இரும்பு உளியை இட்டு நெம்பினால் மாதக்கணக்கில் தேய்த்த பரப்பில் வடு விழும். மரத்தால் ஆன ஆப்புகளைச் சுற்றிலும் மெல்லச் செருகி, இடையே நீரை ஊற்றுவர். நீரிற் கரையும் படலம் கரையும். ரப்பர்ச் சுத்தியால் தட்டிக்கொண்டே வருகையில் ‘படக்’கென ஓர் ஓசை எழும். ஓசை கேட்டவுடன் கொட்டகையில் உள்ளோர் முகம் மலர்வதைக் காணலாம்.

மூடியை வார்ப்பது இதற்குப் பின் எளிது. அச்சினுள் சுருங்கும் மூடி, அச்சை விட்டுத் தானே விலகும். ஆகவே கழற்றுதலும் எளிது. மேலே கூறிய அளவுள்ள மூடிக்கு மெல்லிய பாய் ஓரடுக்கும், ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் மூன்றடுக்கும் போதும். அதற்கு இழை ஏறக்குறைய 900 கிராம், பிசின் 2¼ கிலோ செல்லும். அடிப்புறத்தில் குறுக்காக இரண்டு விட்டம் வைத்தால், முன்னர்க் கணக்கிட்ட நீர்ச்சுமைக்கு மூடி வளையாது. பிசின் முற்றும் இறுகுமுன், தோற்பதமாக இருக்கும்போதே, மிகுந்த ஓரத்தைக் கூரிய கத்தியால் அரிந்துவிடுவர். முற்றிய பின் அரிந்தால் கண்ணாடித் தூள் பறந்து மூச்சில் ஏறும்.

மூடி பொருந்தியதா என்பதை அறியும் வழி எளியது. அறைவாயின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மூடியை இட்டு அழுத்தி எடுத்தால், மூடியின் அடியில் ஒட்டிய ரப்பர்ப் பட்டையில் வெண்கோடு விழும். கோடு அறுபட்ட இடத்தில் நீர் புகும். அவ்விடத்தைத் திருத்திய பின், உலர்ந்த சாம்பலை அறையினுள் பரப்பி, மூடியை இறுக்கி, மேலே குடம் குடமாகக் கடல்நீரை ஊற்றிப் பார்ப்பர். திறக்கும்போது சாம்பலில் ஈரப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் மீண்டும் சுண்ணக்கட்டியை எடுப்பர்.

வேலை முடிந்த அச்சைத் தனியே கிடத்தினால், வெப்பத்தில் அது மெல்ல வளையும். அதனால் கடைசியாக வார்த்த மூடி ஒன்றை அதனுள்ளேயே விட்டு, நிழலில் கவிழ்த்து வைப்பர். அடுத்த தடைக்காலத்தில் அண்டை வீட்டார் தம் படகிற்கும் ஒரு மூடி வேண்டும் என்று வந்தால், உள்ளிருக்கும் மூடியையே எடுத்துக் கொடுத்து, அச்சைக் கழுவித் துடைத்து, மீண்டும் ஒருமுறை மெழுகு தடவுவர்.